குடும்பத்தோடு ஒரு பனிமலை ஏற்றம்



தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லால் பல பொருள்களைக் குறிக்கிறோம். மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. தில்லியில் ஜனவரி மாதத்தில் இரயில்களைத் தாமதப்படுத்தும் மூடுபடலமும் பனி. இமயத்தின் மேல் முழங்கால் அளவு கிடக்கும் வெண்பொடியும் பனியே. இந்தி பேசும் மக்கள் இவற்றை ‘ஓஸ்’ என்றும், ‘கோஹ்ரா’ என்றும், ‘பர்ஃப்’ என்றும் தனித்தனியே பிரித்துச் சொல்கின்றனர். வெண்பனியைக் கண்ணால் காணாத நாட்டில் பிறந்த மொழிக்கு அதற்கெனத் தனிச்சொல் தேவைப்படாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் வடநாட்டில் வந்து குடியேறிய நம்மவர்க்கு அந்தப் பனி ஓர் இரவுப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறை நெருங்கும்போது, “மலை மேலே ஏறிப் பனியைப் பார்க்கலாமே” என்று குழந்தைகள் கேட்கத் தொடங்குகின்றனர்.

அவ்வாறு கேட்கும் குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்காகவே இவ்வுரை. கயிறும் பனிக்கோடரியும் கொண்டு ஏறும் பெருஞ்சிகரங்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நடக்கத் தெரிந்த எவரும், முறையாக ஆயத்தம் செய்துகொண்டால், ஏறி இறங்கக்கூடிய ஒரு பனிமலையை எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன செய்தல் வேண்டும், ஏன் செய்தல் வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ‘எளிய மலை’ என்று பெயர் பெற்ற மலையிலும் குளிர் குளிரே, உயரம் உயரமே. இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நலம்.

மலையும் வழியும்

உத்தரகண்ட மாநிலத்தில், உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்தினுள் கேதார்காந்தா என்னும் சிகரம் இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய 12,500 அடி. டிசம்பர் பிற்பகுதி தொடங்கி ஏப்ரல் வரை அதன் மேற்பகுதிகளில் பெரும்பாலும் பனி கிடக்கும். குளிர்காலத்தில் முதன்முறையாகப் பனிமலை ஏற விரும்புவோர் பெரிதும் நாடிச் செல்லும் இடம் இது.

‘காந்தா’ என்பது கண்டம், அதாவது கழுத்து. சிவபெருமான் முதலில் இம்மலையிலேயே தவம் செய்ய எண்ணினார் என்றும், மேயும் பசுக்களின் மணியோசையால் தவம் கலைந்து கேதாரநாதத்துக்குச் சென்றுவிட்டார் என்றும் அவ்வூர் மக்கள் சொல்வார்கள். வழியில் உள்ள குளத்துக்கு ‘ஜூடா கா தாலாப்’ என்று பெயர். ஜூடா என்றால் முடிந்த கூந்தல். நம் வழக்கில் சொன்னால் சடைமுடிக் குளம். குளிர்காலத்தில் அக்குளம் உறைந்து கிடக்கும்.

தில்லியிலிருந்து டேராடூன் வரை இரயிலிற் செல்லலாம். அங்கிருந்து முசோரி, புரோலா, மோரி வழியாக சாங்க்ரி என்னும் சிற்றூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதை; ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். நைட்வார் என்ற ஊரில் ரூபின், சூபின் என்ற இரு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆறாகின்றன. வனத்துறையின் சோதனைச் சாவடியும் அங்கேதான் உள்ளது. உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி, வழிகாட்டி, கூடாரம், சமையல் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு செல்வதே குடும்பத்தோடு போவோர்க்கு ஏற்றது.

சாங்க்ரி சுமார் 6,400 அடி உயரத்தில் உள்ளது. முதல் நாள் நடை, பைன், ஓக் மரக்காடுகளினூடே சடைமுடிக் குளம் வரை. அது சுமார் 9,100 அடி. இரண்டாம் நாள் சிகரத்தின் அடிவாரக் கூடாரம் வரை. அது சுமார் 11,250 அடி. மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டுச் சிகரம் ஏறி இறங்குதல். நான்காம் நாள் சாங்க்ரி திரும்புதல். உச்சியில் நிற்கும்போது ஸ்வர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலா நாக் முதலிய பெருஞ்சிகரங்கள் வரிசையாகத் தென்படும்.

இவ்வெண்களை நம் நாட்டு மலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 8,650 அடி. தென்னிந்தியாவிலேயே உயர்ந்ததாகிய ஆனைமுடி 8,842 அடி. ஆக, முதல் நாள் மாலையில் நாம் கூடாரம் அடிக்கும் இடமே தெற்கே உள்ள எந்த மலையுச்சியையும்விட உயரமானது. “வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன், இதென்ன பெரிது?” என்பாருக்கு இதுவே விடை. அங்கே பழகியது கால். இங்கே பழக வேண்டியது மூச்சு.

காற்றின் குறைவு

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை; ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிட்டும் பிராணவாயு குறைகிறது. கேதார்காந்தா உச்சியில் அது கடல்மட்டத்தில் கிட்டுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவே. உடல் இதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் வாய்ந்தது. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடுக்காமல் விரைந்து ஏறினால் மலைநோய் பற்றும்.

மலைநோயின் தொடக்கக் குறிகள் தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்றல், உறக்கமின்மை. பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலேதான் இவை தோன்றும். இளைஞர், முதியவர், உடல் வலிமை மிக்கவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. நாள்தோறும் ஓடிப் பழகியவருக்கும் வரலாம்; அலுவலக நாற்காலியிலேயே அமர்ந்திருப்பவருக்கு வராமலும் இருக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமக்குத் தலைவலி என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்பார்கள். ஆகவே, எப்போதும் துள்ளி விளையாடும் பிள்ளை காரணமின்றிச் சிணுங்கினாலும், சோற்றை ஒதுக்கினாலும், விளையாட்டில் நாட்டமின்றி ஒடுங்கி உட்கார்ந்தாலும், அது உயரத்தின் விளைவே என்று கொள்ளுதல் வேண்டும். வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை அவ்வாறு கொள்வதே பாதுகாப்பு.

மருத்துவர்கள் கூறும் விதி எளிது. 10,000 அடிக்கு மேல், இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தைவிடச் சுமார் 1,600 அடிக்கு மேல் உயரமாக இருத்தலாகாது. மேலே சொன்ன நான்கு நாள் திட்டத்தை இவ்விதியோடு வைத்துப் பாருங்கள். சடைமுடிக் குளத்திலிருந்து அடிவாரக் கூடாரத்துக்கு ஒரே நாளில் 2,150 அடி ஏறுகிறோம். பலர் இதைத் தாங்கிக்கொள்கின்றனர் என்பது உண்மை. எனினும் குழந்தைகளோடும் ஐம்பது வயதைக் கடந்த பெற்றோரோடும் செல்பவர், சாங்க்ரியில் ஒரு நாளும், இயன்றால் சடைமுடிக் குளத்தில் இன்னொரு நாளும் கூடுதலாகத் தங்குவதே அறிவுடைமை. ஆறு நாள் திட்டம் செலவைக் கூட்டும். ஆனால் நோயைக் குறைக்கும்.

அசெட்டசோலமைடு என்னும் மருந்து உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாகையால், இதனை மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளுதல் கூடாது. குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுத்தல் அறவே கூடாது.

தலைவலியோடு மேலும் ஏறாதிருத்தல் முதல் விதி. தங்கியும் தணியாவிட்டால் இறங்குதல் இரண்டாம் விதி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் இடைவிடாது வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ மூளை வீங்குகிறது என்று பொருள். இவ்விரண்டும் உயிரைக் கொள்ளை கொள்பவை. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திராமல், வழிகாட்டியின் துணையோடு உடனே கீழே கொண்டுவருதல் வேண்டும்.

உடலைப் பழக்குதல்

புறப்படுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் நாற்பது நிமிட விரைநடை போதும். பிறகு படிக்கட்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிகளில் வாழும் நமக்கு மலை இல்லை என்ற குறையை மாடிப்படிகள் தீர்த்துவைக்கும். மின்தூக்கியை மறந்துவிட்டு நாள்தோறும் இருபது முப்பது மாடிகள் அளவு ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே கொள்ளுங்கள். மலையில் முழங்கால் நோவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கடைசி மூன்று வாரங்களில் முதுகில் ஐந்து கிலோ சுமையோடு ஏறிப் பழகுங்கள். ஞாயிறுதோறும் குடும்பமாக நான்கைந்து மணி நேரம் நடந்துபாருங்கள். யார் எவ்வளவு வேகத்தில் நடப்பார், யாருக்கு எப்போது பசிக்கும், யார் களைப்பை வெளியே சொல்லமாட்டார் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். புதிய காலணியும் இந்த நடைகளில்தான் காலுக்குப் பழக வேண்டும்.

ஆஸ்துமா, இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரிடம் ‘மலைக்குப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லாமல், ‘12,500 அடி, பூஜ்யத்துக்குக் கீழான குளிர்’ என்று தெளிவாகச் சொல்லி அறிவுரை பெறுதல் வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பயணத்தைத் தள்ளிவைத்தல் நலம். மிகச் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாகாது. பத்து வயதை எட்டிய, நடக்க விருப்பமுள்ள பிள்ளைக்கே இது ஏற்றது.

உடை

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். தில்லியில் பகலில் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் வேளையில், கேதார்காந்தா உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி இருக்கக்கூடும். இரவில் கூடாரத்துக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவது உண்டு. காற்றும் வீசினால் உடல் உணரும் குளிர் இன்னும் அதிகம்.

இங்கே நாம் விட்டொழிக்க வேண்டிய முதல் பழக்கம் பருத்தி. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் இதமான உடை இல்லை. வியர்வையை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும் குணமே அதன் சிறப்பு. அதே குணம் பனிமலையில் பகையாகிறது. ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன், ஓய்வுக்கு நின்றவுடன் குளிர்ந்து உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். ஆகையால் பனியன் முதல் காலுறை வரை கம்பளியோ செயற்கை இழையோதான் ஆகும்.

ஒரே கனத்த மேலங்கியைவிட மூன்று அடுக்கு உடை சிறந்தது. உடலை ஒட்டிய மெல்லிய அடுக்கு வியர்வையை வெளியேற்றும். நடுவில் கம்பளி அல்லது பஞ்சு திணித்த அடுக்கு சூட்டைக் காக்கும். வெளியே நீர் புகாத அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும். நடக்கும்போது ஒன்றைக் கழற்றுவதும், நிற்கும்போது போட்டுக்கொள்வதும் பழக்கமாக வேண்டும். வியர்த்த பின் கழற்றுவதைவிட, வியர்க்கப் போகிறது என்று தோன்றியதுமே கழற்றுதல் நல்லது. கைகளுக்கு மெல்லிய கையுறை ஒன்றும் அதன்மேல் நீர் புகாத கையுறை ஒன்றும் வேண்டும்; குழந்தைகள் கையுறையைத் தொலைப்பார்கள், ஆகவே அவர்களுக்கு இன்னொரு சோடி. காதை மூடும் கம்பளிக் குல்லாய், கணுக்காலுக்கு மேல் வரும் நீர் புகாத காலணி, நான்கைந்து சோடிக் காலுறை ஆகியன இன்றியமையாதவை. காலணிக்குள் பனி புகாதிருக்கக் கட்டும் உறையும், வழுக்காதிருக்கக் காலணிமேல் மாட்டும் முட்சங்கிலியும் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும்.

கறுப்புக் கண்ணாடியை அழகுப் பொருளாகக் கருத வேண்டா. புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி எறியும். கண்ணாடியின்றிச் சில மணி நேரம் நடந்தாலே கண்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, ஓரிரு நாட்கள் பார்க்க முடியாமற் போகும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் விரைவில் சூட்டை இழக்கும். பிள்ளை நடுங்குவதோடு கால் தடுமாறி, பேச்சும் குழறினால் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை போர்த்தி, தெளிவாக விழுங்க முடியுமானால் இனிப்பான சூட்டுப் பானம் கொடுங்கள். விரல்கள் வெளுத்து மரத்துப்போனால் பனியைக் கொண்டு தேய்ப்பதோ நெருப்பில் காட்டுவதோ கூடாது. அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். மது குளிரை நீக்கும் என்பது தவறான எண்ணம். அது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி உட்சூட்டை வெளியேற்றிவிடும்.

உணவும் இரவும்

குளிரில் தாகம் தோன்றாது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சின் வழியே நீர் மிகுதியாகப் போகும். ஆளுக்கு மூன்று லிட்டர் நீர் தேவை. பனியை அப்படியே தின்னலாகாது. உணவில் சோறும் பருப்பும் வழிகாட்டிகளே சமைத்துத் தருவார்கள். வழிநடைக்கு நம் வீட்டுத் தின்பண்டங்களே உத்தமம்: பொரிவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், வறுத்த வேர்க்கடலை. இவை உறையா, சிறிய அளவில் பெரும் ஆற்றலைத் தரும். புளியோதரையும் தயிர்ச்சாதமும் அங்கே கல்லாகிவிடும். ஒரு மணிக்கு ஒருமுறை சட்டைப்பையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உறங்கும் பைக்குள் வெந்நீர்ப் புட்டியைக் காலருகே வைத்துக்கொண்டால் உறக்கம் வரும். காலையில் குடிநீரும் உறையாதிருக்கும். கைவிளக்கின் மின்கலங்களையும் பைக்குள்ளேயே வையுங்கள். குளிரில் அவை விரைவில் வலுவிழக்கும். மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மூடிய கூடாரத்திலோ அறையிலோ கரியடுப்பையும் எரிவாயு அடுப்பையும் ஏற்றலாகாது. ‘அங்கீட்டி’யை மூடிய அறையில் வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்திகளை வடநாட்டுச் செய்தித்தாள்களில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

திரும்பும் துணிவு

உச்சி நாளன்று விடியற்காலை மூன்று மணியளவில் புறப்படுவது வழக்கம். காரணம், காலைப் பனி இறுகியிருக்கும், நடப்பது எளிது. வெயில் ஏறியபின் அது இளகி, கால் தொடைவரை புதையும். பிற்பகலில் மலையில் மேகம் கவியும். ஆகையால் ‘இன்ன மணிக்குள் உச்சி சேராவிட்டால் எங்கிருந்தாலும் திரும்புவது’ என்று முன்னிரவே வழிகாட்டியோடு முடிவு செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆதல் வேண்டும். ஒருவர் இறங்க நேர்ந்தால் தனியே அனுப்பாதிருக்க, இரு வழிகாட்டிகளேனும் உடன் இருத்தல் நலம்.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்தில், இதைவிட உயரமான சஹஸ்ர தால் என்னும் ஏரிக்குச் சென்று திரும்பிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுள் 9 பேர் மாண்டனர். அது கோடைக்காலம் என்பதை எண்ணிப் பாருங்கள். மலைக்கு நாட்காட்டி தெரியாது. இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பைப் புறப்படுமுன் பார்ப்பதும், வழிகாட்டியின் சொல்லுக்கு மறுப்பின்றி இணங்குவதும் இதனாலேயே கட்டாயமாகின்றன. அவசர உதவிக்கு 112 என்ற எண் உண்டு. ஆனால் மேலே தொலைபேசித் தொடர்பை நம்பியிருக்க முடியாது. ஆகவே உங்கள் பயணத் திட்டத்தை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

பலரை ஆபத்தில் தள்ளுவது துணிவைக் காட்டிலும் கணக்குப் பார்க்கும் மனமே எனலாம். எண்ணி எடுத்த விடுப்பு, முன்பதிவு செய்த இரயில் சீட்டு, கட்டிய பணம், ஊரெல்லாம் சொல்லி வந்த பெருமை ஆகியவை ஒன்று சேர்ந்து, “இன்னும் கொஞ்சந்தானே, ஏறிவிடுவோம்” என்று தகப்பனாரைப் பேசவைக்கும். இதற்கு மருந்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் உடன்படிக்கை. விடுப்பில் இரண்டு நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். “நம்மில் யார் ‘திரும்பலாம்’ என்று சொன்னாலும் காரணம் கேளாமல் திரும்புவோம், சொன்னவரைப் பிறகு எவரும் குறைகூறோம்” என்று பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். அந்த உரிமை தனக்கும் உண்டு என்றறிந்த பிள்ளை தலைவலியை மறைக்காது.

சடைமுடிக் குளம் வரை சென்று, உறைந்த நீரைத் தொட்டுப் பார்த்து, பனியில் உருண்டு விளையாடித் திரும்பிய குடும்பமும் பனிமலை கண்ட குடும்பமே. உச்சி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மலையேற்றத்தில் ஆர்வம் வேரூன்றிய பிள்ளைகள் வளர்ந்தபின், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ, டார்ஜிலிங்கில் 1954-இல் நிறுவப்பட்டு டென்சிங் நார்கே களப்பயிற்சி அளித்த இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ முறையாகக் கற்கலாம்.

இறுதியாக ஒன்று. தின்பண்டம் சுற்றிய தாளையும் நெகிழிப் புட்டிகளையும் மலையில் விட்டு வராதீர்கள். குளிரில் குப்பை மக்குவதில்லை. பனி உருகும்போது அது சாங்க்ரி மக்கள் குடிக்கும் ஓடைகளில் வந்து சேரும். கொண்டுபோன பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். பயிற்சியை இன்று மாலையே மாடிப்படியில் தொடங்கலாம்.